நடக்காத பிள்ளைக்கு அரிசெலு

மங்கதாயாருவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தபால்காரர் எங்கள் சந்துக்குள் சைக்கிளைத் திருப்பினால், கடிதம் யாருக்கோ வந்திருக்கும், இவளுக்கு நெஞ்சு படபடக்கும். எருமைக்குப் பயம், கால்வாய்த் தண்ணீருக்குப் பயம், ஊசிக்குப் பயம். பக்கத்து வீட்டில் யாராவது பலமாகத் தும்மினால்கூட என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். பதினோரு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் குடியிருந்தோம். என் பொறுமையை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யாரும் மெச்சவில்லை.

அடுப்பு முன்னால் மட்டும் அவள் வேறு ஆள். ஆந்திராவில் தெனாலிக்குப் பக்கத்தில் கால்வாய்க் கரையில் இருந்த அந்த ஊரில் எந்த வீட்டில் அரிசெலு சுட்டாலும் பாகு பார்க்க மங்கதாயாருதான் வர வேண்டும். அரிசெலு என்றால் நம் அதிரசந்தான், ஒன்றென்றால் அரிசெ. கொஞ்சம் மெல்லிசாக இருக்கும், எள் ஒட்டியிருக்கும். ஊறவைத்து இடித்த ஈர மாவு தயாராக இருக்கும். வெல்லம் கொதிக்கும். நான்கு பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவள் ஒன்றும் பேசாமல் தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் திரட்டி, ஒரு தரம் நசுக்கிப் பார்ப்பாள். பிறகு "இப்போ" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். உடனே பாத்திரம் இறங்கும், மாவு விழும். அவள் சொன்ன பாகில் ஒரு அரிசெகூட எண்ணெயில் பிரிந்ததில்லை.

சங்கராந்திக்கு அரிசெலு எல்லா வீட்டிலும் உண்டு. அதைவிட முக்கியம், குழந்தை முதல் அடி வைத்ததும் சுடுகிற அரிசெலு. வரிசையாகத் தரையில் வைத்து, குழந்தையின் காலைக் கழுவி மஞ்சள் பூசி, அவற்றின் மேல் நடக்க விடுவார்கள். அப்புறம் அதே அரிசெலுவைத் தெரு முழுக்கக் கொடுப்பார்கள். வந்த புதிதில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு கேட்டு வாங்கித் தின்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தத் தெருவில் நடை பழகிய பிள்ளைகள் எல்லாம் மங்கதாயாருவின் பாகில் கால் வைத்தவர்கள்தான்.

அவளுடைய பிள்ளை மட்டும் நடக்கவில்லை.

பதினேழு வயதில் கல்யாணமாகி வந்து, இரண்டு பிள்ளைகளைப் பிறந்த வாரத்திலேயே பறிகொடுத்து, ஒன்பதாவது வருஷம் பெற்றவன் கிட்டு. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். சிரிப்பான், பேசுவான், என்னை "அரவ, அரவ" என்று கூப்பிடுவான். தமிழ்க்காரியான எனக்கு ஊர் வைத்த பெயர் அரவக்கா. அதில் அவனுக்குப் பாதிதான் வாய்த்தது. இரண்டு வயது முடிந்து இரண்டு மாதமும் ஆகிவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். குதிகால் தரையில் படாது. இரண்டு காலும் ஒன்றன் மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். கையை எடுத்தால் அப்படியே சரிந்து உட்காருவான்.

சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும் என்று எல்லோரும் சொன்னோம். சொல்லும்போது யாரும் மங்கதாயாருவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் பேரய்யா இரண்டு ஏக்கர் நெல்லும் கொஞ்சம் மஞ்சளும் போடுகிறவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குண்டூருக்குப் போனார். அங்கே டாக்டர் இரண்டு காலையும் பிடித்து விலக்கிப் பார்த்தாராம். விட்டதும் பழையபடி பின்னிக்கொண்டதாம். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் நாள் குறித்திருந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க நான்கு மாதம் ஆகும். இப்போதே வைத்தியம் தொடங்கினால் கால் இளகும், தள்ளிப்போட்டால் இறுகிவிடும் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய புதன்கிழமை மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மங்கதாயாரு சுவருக்கு மேலே தலையை நீட்டி, கொஞ்சம் வாங்கக்கா என்றாள். போனேன். கிட்டு பாயில் உட்கார்ந்து ஒரு தகர மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். எதற்குடி கூப்பிட்டாய் என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துப் பேரய்யா வயலிலிருந்து வந்து வாசலில் காலைக் கழுவினார்.

"உங்க பிள்ளை நடந்தான்," என்றாள் அவரிடம்.

பேரய்யா கையில் சொம்போடு அப்படியே நின்றார்.

"கட்டில்லேருந்து கதவு வரைக்கும். நாலு அடி."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நிஜமாக்கா? நீங்க பார்த்தீங்களா?"

 இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அந்த மனிதரின் முகம் அப்படி இருந்தது, நான் என்ன செய்வேன்.

"பார்த்தேன்," என்றேன்.

சொம்பைக் கீழே வைக்கக்கூட மறந்து அவர் தெருவுக்கு ஓடினார். பதினோரு வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். 

"ஏன்டி, உனக்குப் பைத்தியமா? என்னையும் சேர்த்துப் பொய் சொல்ல வெச்சுட்டியே."

"செவ்வாய்க்கிழமை வராம இருக்கட்டும்னுதான்க்கா."

"தள்ளிப்போட்டா கால் இறுகிடும்னு டாக்டர் சொன்னாரே. காதுல விழலியா?"

"விழுந்துச்சு." கிட்டுவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நீவினாள். "அங்க போனா சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அப்புறம் அது அப்படித்தான். யாரும் சொல்லாத வரைக்கும் இவன் நாளைக்கு எழுந்து நடக்கலாம். நடப்பான்தானே அக்கா?"

 வாசலில் அதற்குள் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். முதலில் வந்தவள் கேட்டாள்:

"ஊருக்கெல்லாம் பாகு பார்த்தவளே, உன் வீட்டு அரிசெலு என்னைக்கு?"

மங்கதாயாருவின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளின் முதல் அடிக்குப் போய் நின்றவள். நடந்தான் என்று வாயால் சொன்னால் அரிசெலு சுட வேண்டும், சுட்டால் ஊருக்கு முன்னால் அதன்மேல் பிள்ளையை நடக்க விட வேண்டும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. பயத்தில் சொல்கிற பொய்க்கு அடுத்த படி தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று பேரய்யா தெருவிலிருந்தபடியே சொன்னார். சாயங்காலத்துக்குள் அரிசி ஊறப் போட்டாகிவிட்டது.

 வியாழக்கிழமை முழுவதும் அவள் பிள்ளையை நிற்க வைத்தாள். கட்டிலைப் பிடித்து நிற்பான், இவள் ஓர் எட்டு தள்ளி உட்கார்ந்து கையை நீட்டி, வாடா கண்ணா, வாடா என்பாள். அவனும் வரத்தான் பார்ப்பான். கால் பின்னும், விழுவான். விழுந்தால் முதலில் சிரித்தான், பிறகு அழுதான், சாயங்காலத்துக்குள் அவளைக் கண்டாலே கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான். அரிசி ஊறிய தண்ணீரை மாற்ற எழுந்து போவாள், திரும்பி வந்து மறுபடியும் கையை நீட்டுவாள். நான் போய் அவன் முழங்காலில் எண்ணெய் போட்டேன். போதும் விடுடி என்றேன். அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் மங்கதாயாரு வதினா என்று கூப்பிடுகிற நாத்தனார் நாகரத்னம் வந்து இறங்கினாள். பேரய்யாவுக்கு அக்கா, வாட்டசாட்டமான பெண்பிள்ளை. பக்கத்து ஊரில் மூன்று மருமகள்களை ஒரே பார்வையில் மேய்க்கிறவள். மங்கதாயாரு பயப்படுகிறவற்றின் பட்டியலில் இடிக்கு முன்னால் நாகரத்னம் இருந்தாள். தலையில் ஒரு வெல்ல மூட்டை, கையில் புது வேட்டி. உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிட்டுவைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க, அத்தைக்கு நடந்து காட்டு."

"வேணாம் வதினா," என்று மங்கதாயாரு குறுக்கே வந்தாள். "அரிசெலுக்கு முன்னாடி நடக்க வெச்சா திருஷ்டி பட்டுடும்."

"இது எந்த ஊர்ச் சாஸ்திரம்? நான் அஞ்சு பெத்தவ, கேள்விப்பட்டதில்லையே."

"அரவக்கா ஊர்ல அப்படித்தானாம்."

நாகரத்னம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டாவது பொய்யையும் சொன்னேன். எங்கள் ஊரில் அப்படித்தான், ரொம்பக் கண்டிப்பு என்றேன். காட்பாடியில் இருக்கிற என் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் மாவு இடித்துச் சலித்து, ஈரம் போகாமல் துணி போட்டு மூடி, பத்து மணிக்குப் பின்கட்டில் அடுப்பு மூட்டினோம். நாகரத்னம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாத்திரத்தில் ஊற்றினாள். கிளறுவதற்கு அவள், எண்ணெய் பிழிவதற்கு நான். வெந்த அரிசெயை இரண்டு மரப்பலகைக்கு நடுவே வைத்து அழுத்துகிற வேலை அது. என் எடைக்கு ஏற்ற வேலை என்று அந்த ஊரில் எப்போதும் எனக்குத்தான் கொடுப்பார்கள். மங்கதாயாரு தட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பாகு பொங்கியது. பெரிய பெரிய குமிழாக வெடித்தது. அவள் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குப் பாகு பார்க்கத் தெரியாது, ஆனால் பதினோரு வருஷம் பார்த்த கண் இருக்கிறதே. அந்தச் சொட்டு திரளவே இல்லை. தட்டின் அடியில் கரைந்து மஞ்சளாகப் பரவியது. அவள் விரலை விட்டுக் கலக்கி அந்த மஞ்சளை அழித்தாள்.

"இப்போ," என்றாள்.

 அவள் என்ன செய்கிறாள் என்று புரிந்துவிட்டது. பாகு இளசாக இருந்தால் அரிசெலு எண்ணெயில் பிரிந்துவிடும். அரிசெலு வராவிட்டால் நாளைக்கு ஒன்றும் கிடையாது. அரிசி மறுபடி ஊற வேண்டும், இடிக்க வேண்டும், நாள் பார்க்க வேண்டும். அதற்குள் செவ்வாய் கடந்துபோகும். இனி ஜென்மத்துக்கும் அவளை யாரும் பாகு பார்க்கக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்று அவள் துணிந்துவிட்டாள்.

நாகரத்னம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மங்கதாயாரு சொன்னால் சொன்னதுதான். பாத்திரத்தை இறக்கி, நெய்யும் எள்ளும் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறினாள். மாவு தளர்வாக இருந்தது. நாகரத்னத்தின் புருவம் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். ஓர் உருண்டையை இலையில் தட்டி எண்ணெயில் போட்டாள்.

விழுந்ததும் அது விளிம்பிலிருந்து பிரிய ஆரம்பித்தது. பிறகு நடுவில் ஓட்டை விழுந்தது. ஒரு நிமிஷத்தில் சட்டி முழுக்கக் குப்பை மாதிரி மாவுத்தூள் மிதந்தது.  அடுத்த அறையில் கிட்டு என்னவோ பாடிக்கொண்டிருந்தான்.

"உன் கை தப்பாதே," என்றாள் நாகரத்னம் மெதுவாக.

"எனக்கு என்னமோ தலை சுத்துது வதினா. நாளைக்கு வேணாம். இன்னொரு நாள் பண்ணிக்கலாம்."

"தலை சுத்துதா?"

"சகுனம் சரியில்ல போல."

நாகரத்னம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, மரப்பலகையைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பிறகு நாகரத்னம் எழுந்து, மூட்டையில் மிச்சமிருந்த வெல்லத்தை உடைத்து வேறு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தாள்.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாகு இளசு. கெட்டியா கொஞ்சம் காய்ச்சி இதுல சேர்த்தா சரியாயிடும். எங்க வீட்ல மருமகளுங்க மாசத்துக்கு ஒருதரம் பண்ற கூத்து இது."

காய்ச்சினாள். தானே தட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். மாவில் ஊற்றிக் கிளறினாள். அடுத்த அரிசெ முழுசாக மேலே வந்தது, பொன்னிறமாக உப்பியது. நான் வாங்கிப் பலகையில் வைத்து அழுத்தினேன். எண்ணெய் ஒழுகியது. நூற்றிருபது அரிசெலு சுட்டோம். மங்கதாயாரு ஒவ்வொன்றையும் இலையில் தட்டிக் கொடுத்தாள். எல்லாம் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. திறந்திருந்த கடைசிக் கதவையும் நாகரத்னம் வெல்லம் போட்டு அடைத்துவிட்டாள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பேரய்யா புது வேட்டி கட்டியிருந்தார். தரையில் துணி விரித்துப் பதினோரு அரிசெலுவை ஓரடி இடைவெளியில் வரிசையாக வைத்தார்கள். கிட்டுவின் காலைக் கழுவி மஞ்சள் பூசினார்கள். அவனுக்கு ஒரே குஷி, எல்லோருக்கும் கையாட்டினான். மங்கதாயாரு கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.  அவள் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அத்தைதான் நடத்தணும்," என்று சொல்லிக்கொண்டு நாகரத்னம் முன்னால் வந்தாள்.

அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. யாரும் மறுக்கவில்லை. அவள் பிள்ளைக்குப் பின்னால் குனிந்து, அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். தாங்குகிற கை தெரியாதபடி தன் முந்தானையை முன்னால் இழுத்து அவன் இடுப்பு வரைக்கும் மறைத்துக்கொண்டாள். முழுப் பாரத்தையும் தானே தாங்கி, அவன் பாதத்தை முதல் அரிசெயில் வைத்தாள். பிறகு இரண்டாவதில். விரல் நுனிதான் பட்டது. கால் இரண்டும் பின்னிக்கொண்டு ஒன்றாகத்தான் போயின. வரிசையாக நின்ற அத்தனை பெண்களும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒருத்தி கை தட்டினாள்.

"நடந்துட்டான்."

"நம்ம கிட்டு நடந்துட்டான்," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் தட்டினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. இவளுக்காக எல்லோரும் சேர்ந்து பொய் சொல்லத் தயாராக வந்திருக்கிறார்கள். நாகரத்னம் நேற்று பாகைச் சரிசெய்தது இவளை மாட்டிவைக்க இல்லை, காப்பாற்றத்தான்.  தப்பித்தோமடா சாமி என்று இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நான்காவது அரிசெக்கு வந்தபோது பேரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

"இனிமே வேலூரு எதுக்கு? சாமி கண்ணத் தொறந்துட்டார்."

என் கைக்குள் இருந்த மங்கதாயாருவின் கை விடுபட்டது.

"வதினா, கைய எடுங்க," என்றாள்.

நாகரத்னம் நிமிராமலே தணிந்த குரலில் சொன்னாள். "சும்மா இரு. இன்னும் ஏழுதான் இருக்கு. பயப்படாத."

"எடுங்க வதினா."

நாகரத்னம் அவளைப் பார்த்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள். கிட்டு ஐந்தாவது அரிசெ மேல் தொப்பென்று உட்கார்ந்தான். அது நொறுங்கியது. அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"புதன்கிழமை இவன் நடக்கல," என்றாள் மங்கதாயாரு. குரல் கம்மிப்போய் வந்தது, ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "நான் பொய் சொன்னேன். இவனுக்குக் கால் வரல."

"நானும் பார்க்கல," என்றேன் நான். எனக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பேரய்யாவுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்திருந்தால் தேவலை. அவர் பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எதுக்குச் சொன்ன?"

"வேலூர்ல என்ன சொல்லுவாங்களோன்னு பயம்."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா?" என்றார் அவர். "அவன் நடந்தான்னு நீ சொன்னதும், இனிப் போக வேணாம்னு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? உன் வாயால கேட்டதும் எதையும் யோசிக்காம ஓடினேன்ல."

கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. நடக்காத பிள்ளையின் அரிசெலுவை எடுத்துக்கொண்டு போகலாமா கூடாதா என்று கூடையின் அருகில் நின்ற பெண் கேட்டேவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் நாகரத்னம். "பாகு என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.  கடைசியாகப் போனவள் மட்டும் மங்கதாயாருவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். மங்கதாயாரு கிட்டுவின் காலிலிருந்த அரிசெத் துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் என்னிடம். "நாளைக்கு ரயிலுக்கு நீங்களும் வரணும். அங்க பேசறது எங்களுக்குப் புரியாது. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே சொல்லணும். என் முகத்தப் பார்த்துக் குறைச்சுச் சொல்லக் கூடாது."

சரி என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வேலூரில் தெலுங்கு தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கு வாய்த்த டாக்டருக்குத் தெரியவில்லை. இளம் வயசுப் பெண். கிட்டுவை மேசையில் படுக்க வைத்து அரை மணி நேரம் பார்த்தாள். காலை மடக்கினாள், நீட்டினாள், பாதத்தை மேலே தள்ளினாள், அவனோடு விளையாடினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னாள். இது மூளையில் பிறக்கும்போதே பட்ட சேதம், யார் செய்த தப்பும் இல்லை. அறிவுக்கு ஒரு குறையும் வராது. தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், காலுக்குப் பட்டை போட வேண்டும், ஐந்து வயதில் ஓர் ஆபரேஷன் தேவைப்படலாம். நடப்பான், பெரும்பாலும் கோலோடு. மற்றப் பிள்ளைகள் மாதிரி ஓட மாட்டான், எப்போதும். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள்.

டாக்டர் பேசும்போது மங்கதாயாரு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததும் என் வாயைப் பார்த்தாள். நான் தெலுங்கில் சொன்னேன். சேதத்தைச் சொன்னேன், பயிற்சியைச் சொன்னேன், பட்டை, ஆபரேஷன், கோல் எல்லாம் சொன்னேன். நல்ல நேரத்தில் வந்தோம் என்று சொல்லி முடித்தேன்.

அவள் கிட்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ண விட்டுட்டீங்க அக்கா."

"எல்லாம் சொல்லிட்டேன்."

"முடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க. சொல்றப்ப கிட்டுவப் பார்த்தாங்க. அதச் சொல்லுங்க."

பேரய்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன். ஓட மாட்டானாம் என்றேன்.

அவள் தலையாட்டினாள். அழவில்லை. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடப்பான்னு சொன்னது?" என்று மங்கதாயாரு கேட்டாள். "அது அவங்க சொன்னதா, நீங்க சொன்னதா?"

"அவங்க சொன்னது."

"என் மேல ஆணையா?"

நான் பார்த்தேன் என்று ஒரு தரம் சொன்ன வாய் இது. அவள் எப்படி நம்புவாள். டாக்டரைத் திரும்பிப் பார்த்து, அம்மா, நடப்பானா என்று இவங்க கேட்கிறாங்க, நீங்களே சொல்லுங்க என்றேன். அந்தப் பெண் எழுந்து வந்து, மங்கதாயாருவுக்கு நேராக நின்று, இரண்டு விரலைக் கால் போல மேசைமேல் ஊன்றி மெதுவாக ஒன்றுக்குப் பின் ஒன்றாக நகர்த்திக் காட்டினாள்.